உதைக்கு முன்னால் ஒரு சொல்

கண்டியில் எழுவர் ரகர் போட்டி நடந்த ஒரு சனிக்கிழமை, டயர் கடைத் தங்கராஜாவின் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல், மற்றச் சொற்களைப்போல் காற்றில் கரைந்து போகாமல், வடக்குப் பக்கத்துக் கோல் போஸ்டுக்கு முன்னால், ஓர் ஆள் ஏணி வைத்தால் எட்டக்கூடிய உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. பேப்பர்க்காரர்கள் அந்த விளையாட்டை ரக்பி என்று எழுதுவார்கள், எழுதிவிட்டுப் போகட்டும், கண்டியில் அது ரகர்தான், அதுவும் மழை பெய்து மண் குழம்பாகக் கிடந்தால் இன்னும் நல்ல ரகர்.

அந்தச் சனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டம் நடக்கும்போது அவர்கள் போடுகிற கூச்சலில் பக்கத்து வளவு நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், பப்பரே என்கிற பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதுகிற ஊதலில் பெவிலியன் தகரம் அதிரும், ரெஃப்ரியின் பரம்பரையையே இழுத்துப் பேசுவார்கள். ஆனால் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி ட்ரை வைத்த பிறகு, மேற்கொண்டு புள்ளி எடுக்க ஒருவன் பந்தை போஸ்டுக்கு மேலே உதைக்க வந்து நின்றான் என்றால், அவன் நம்மவனோ எதிரியோ, கிறவுண்ட் முழுக்க வாயை மூடிவிடும். ஊதுகிறவன் குழலை மடியில் வைப்பான், அச்சாறு விற்கிறவன் கரண்டியால் தகரத்தில் தட்டுவதை நிறுத்துவான், குழந்தை அழுதால் தாய் அதன் வாயில் எதையாவது திணிப்பாள். உதைக்கிறவனுக்குக் கொடுக்கிற மரியாதை அது, யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அதை மீறினவனோடு ஒரு வருஷத்துக்கு யாரும் பேசமாட்டார்கள்.

அந்த மரியாதையைத்தான் தங்கராஜா உடைத்தார்.

தங்கராஜாவுக்கு ரகர் என்றால் உயிர். ஹந்தானை அணிக்கு ஆட்டம் இருந்தால் கடையைப் பூட்டிவிட்டு, பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெவிலியனுக்கு இடப்பக்கத்து மரப்படிகளில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ஒரு பக்கம் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் கித்சிறி, மறுபக்கம் பேக்கரி இல்யாஸ். மூன்று பேரும் இளவயதிலிருந்து ஒரே படியில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்துக் கடலையைத் தின்று, ஒரே ஆளைத் திட்டி, ஒன்றாக நரைத்தவர்கள். அந்தப் படியில் சிங்களம்தான் பாஷை. இல்யாஸுக்கும் தங்கராஜாவுக்கும் வீட்டுப் பாஷை தமிழ் என்றாலும், கித்சிறிக்கு விளங்காததைப் பேசினால் அது நாகரிகமில்லை என்று இரண்டு பேரும் சிங்களத்திலேயே பேசிக்கொள்வார்கள்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் சரியில்லை. ஊர் எது என்று யாராவது கேட்டால் தங்கராஜா கையை வடக்கே வீசி, "அங்கால, யாழ்ப்பாணப் பக்கம்" என்பார். அவர் பிறந்தது வடக்கே இல்லை, தெற்கே, டிக்கோயாப் பக்கம் வெள்ளிமலை என்கிற தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வரிசையில் ஒரு காம்பராவில். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அவர்கள் மகன் கண்டிக்கு வந்து, தங்கராஜ் என்ற பெயரில் ஒரு காலை இழுத்துவிட்டுத் தங்கராஜா ஆகி, "ஓம்" என்றும் "என்ன வேணும்" என்றும் வடக்கத்திப் பேச்சைப் பழகிக்கொண்டு, கல்யாணமும் கட்டி, கடையும் வைத்துவிட்டான். பொய் சொல்லிப் பழகின வாய், பிறகு அது பொய் என்பதையே மறந்துவிடுகிறது. ஆனால் உடம்பு மறக்காது; தோட்டத்து ஆட்கள் யாராவது டயர் வாங்கக் கடைக்கு வந்தால், தங்கராஜா உள்ளே போய் எதையோ தேடுகிறவர்போல் நின்றுகொள்வார்.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. எழுவர் ஆட்டம் என்பது ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிற ஆட்டம், ஆனால் அதற்குள் ஒரு வருஷத்துக்குத் தேவையான ஓட்டமும் மோதலும் இருக்கும். முதல் ஆட்டத்திலேயே ஒருவன் காற்சட்டை கிழிந்தும் நிற்காமல் ஓடி ட்ரை வைத்தான், இரண்டாவதில் இரண்டு தடியன்கள் தலையோடு தலை மோதிக்கொண்டு, எழும்பி, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள், மூன்றாவதில் பந்து சேற்றில் வழுக்கி யார் கையிலும் அகப்படாமல் தானே கோட்டைத் தாண்டிப் போனது. தங்கராஜா ஒவ்வொன்றுக்கும் எழும்பி நின்றார். அன்று மத்தியானம்வரை அவர் சந்தோஷமான மனிதன்.

மத்தியானம் ஹந்தானைக்கும் கொழும்புக் கோட்டை அணிக்கும் ஆட்டம். கோட்டைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், கிருபாகரன் என்று பெயர், கட்டை உடம்பு, மலையேறி இறங்கின கெண்டைக்கால், ஓடினால் பிடிக்க ஆளில்லை. "பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து வந்த வீரன்" என்று மைக்கில் சொன்னார்கள். பச்சைச் சட்டைக்காரர்கள் ஏழு பேரையும் சேற்றில் உருட்டிவிட்டு, கடைசி நிமிஷத்தில் அவன் ஒரு ட்ரை வைத்தான். உதை உள்ளே போனால் ஆட்டம் சமன்.

கித்சிறி நல்ல மனசோடுதான் தங்கராஜாவின் தொடையில் தட்டினார். "தங்கா, இந்தப் பையன் உங்க ஆள்தானே? உனக்குப் பெருமையா இருக்குமே!"

உங்க ஆள் என்று அவர் சொன்னது தமிழன் என்கிற அர்த்தத்தில். தங்கராஜாவின் காதில் விழுந்தது வேறு. முப்பது வருஷமாக மூடி வைத்திருந்த மூடியை யாரோ தூக்கிப் பார்த்ததுபோல் இருந்தது அவருக்கு. முகம் எரிந்தது. நான் அந்த ஆளில்லை என்று எப்படியாவது காட்ட வேண்டும், இப்போதே காட்ட வேண்டும். கிருபாகரன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு போஸ்டைப் பார்த்தான், கிறவுண்ட் அடங்கியது, அந்த அடக்கத்தில் தங்கராஜா எழும்பி, தொண்டை கிழியக் கத்தினார்:

"தோட்டக்காட்டான்!"

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தோட்டம் இருக்கிறது, ஒரு காடு இருக்கிறது, இரண்டிலும் கெட்டது ஒன்றுமில்லை. தோட்டத்துத் தமிழனைப் பார்த்துச் சேர்த்துச் சொன்னால் மட்டும், வகுப்பில் பின் வாங்கிலே போய் இரு, கடைக்கு வெளியே நில், எங்கள் வீட்டில் பெண் கேட்டு வராதே என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். சிங்களச் சனத்துக்கு விளங்காது, அந்தப் பையனுக்கு மட்டும் விளங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் தங்கராஜா கத்தினார். கணக்குச் சரிதான். கிருபாகரனின் தோள் ஒரு தரம் குலுங்கியது, பந்து போஸ்டில் பட்டு வெளியே விழுந்தது, ஹந்தானை ஜெயித்தது. ஜெயித்த ஆரவாரத்தில் மரியாதை உடைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இல்யாஸ் மட்டும் கடலைப் பொட்டலத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஆட்டத்தில் வேறு இரண்டு ஊர்க்காரர்கள் ஆடினார்கள். ஒருவன் உதைக்க வந்தான். கிறவுண்ட் அடங்கியது. அப்போது போஸ்டுக்கு முன்னால், ஆளில்லாத வெறும் காற்றிலிருந்து, தங்கராஜாவின் குரலில், தங்கராஜாவின் அதே தொண்டைக் கரகரப்போடு, அந்தச் சொல் வந்தது.

முதலில் எல்லாரும் தங்கராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயில் இறால் பதித்த இஸ்ஸோ வடை இருந்தது.

உதைக்கிறவன் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பந்தை எடுத்தான், கிறவுண்ட் மறுபடி அடங்கியது, சொல் மறுபடி வந்தது. சத்தம் இருக்கும்வரை அது பேசாது, மௌனம் விழுந்தால் உடனே பேசும் என்பது கொஞ்ச நேரத்தில் சனத்துக்குப் பிடிபட்டுவிட்டது. கிறவுண்ட் பார்க்கிறவர் ஏணி வைத்து ஏறி, விளக்குமாற்றால் அந்த இடத்தைக் கூட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடித்தார்கள். தண்ணீர் அந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போய் விழுந்தது. விகாரையிலிருந்து ஒரு தேரர் வந்து பிரித் ஓதினார், கோயில் ஐயர் சூடம் காட்டினார், பள்ளிவாசல் இமாமும் ஒரு பாதிரியாரும் வந்து ஆளுக்கொரு பிரார்த்தனை செய்தார்கள், அவர்கள் ஓதும்வரை சொல்லும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது, ஓதி முடித்துக் கண்ணை மூடினதும் தன் பாட்டுக்குச் சொன்னது. அர்த்தம் தெரிந்த ஐயரும் இமாமும் அதை யாரிடமும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். ரெஃப்ரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மைதானத்தில் நாய், பாம்பு, பார்வையாளர் புகுந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், சொல் புகுந்தால் நிறுத்த இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது.

மழைக்குக் குடை பிடிப்பதுபோல் சனம் அதற்கும் பழகிவிட்டது. ஆனால் போட்டிக் கமிட்டித் தலைவருக்கு ஒரு கவலை இருந்தது. கோட்டும் டையுமாக மரப்படிகளில் ஏறி, தங்கராஜாவிடம் வந்து நின்றார்.

"இது உங்க குரல்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கட்டும், குற்றமில்லை. ஆனால் டீவியில் போகிறது. கெட்ட வார்த்தையா?"

கித்சிறியும் ஆவலாகத்தான் பார்த்தார். "நானும் கேக்கணும்னு இருந்தேன். என்ன அர்த்தம், தங்கா?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சில் தங்கராஜா தன் கடையை, தன் பெயரை, இந்தப் படியில் தன் இடத்தை எல்லாம் நினைத்துப் பார்த்தார்.

"கெட்டது ஒண்டுமில்லை, சேர்," என்றார். "பழைய தமிழ்ச் சொல். மலைநாட்டு வீரன் என்று அர்த்தம்."

தலைவருடைய முகம் மலர்ந்தது. மலைநாட்டு வீரன்! கண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் கீழே இறங்கிப் போன கையோடு மைக்கில் அறிவித்துவிட்டார்கள். சனம் கைதட்டியது. இல்யாஸ் மட்டும் தங்கராஜாவின் காதருகே குனிந்து, அந்தப் படியில் ஒரு நாளும் பேசாத தமிழில் சொன்னார்.

"எனக்கு வெளங்கும் என்கிறத மறந்திட்டீங்களா? யாராச்சும் என்கிட்ட வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"இல்யாஸ், கடவுளே என்று பேசாமல் இருங்கோ."

இல்யாஸ் பேசாமல் இருந்தார். அதற்காகப் பிறகு அவரும் வெட்கப்பட்டார், ஆனால் அது அவருடைய கதை.

அன்று இரவுச் சாப்பாட்டில் தங்கராஜா டீவியையும் போட்டு, ரேடியோவையும் போட்டு, மனைவியிடம் இல்லாத கதையெல்லாம் பேசினார். வீட்டுக்குள் மௌனம் விழுந்தால் அது இங்கேயும் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். வரவில்லை. வராமல் இருந்ததுகூட அவருக்கு நிம்மதியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிறவுண்டுக்கு வந்து பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தலையில் கட்டுகிற பச்சைத் துணியில் சிங்கள எழுத்தில் அந்தச் சொல்லை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தாய் தகப்பன்மார் பிள்ளைகளைப் போஸ்டுக்குக் கீழே கூட்டிக்கொண்டுபோய், உஷ் என்று வாயில் விரலை வைத்து, சொல் பேசினதும் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்க, மறுபடி உஷ் என்றார்கள். பப்பரேக்காரர்கள் ராவோடு ராவாக அதற்கு மெட்டுப் போட்டிருந்தார்கள், தோட் டக் காட் டான் என்று நாலு அடி, நாலாவதில் பெரிய மேளம். ஒவ்வொரு உதைக்கும் இப்போது ஒரு முறை வந்துவிட்டது. முதலில் மௌனம், பிறகு சொல், பிறகு கிறவுண்ட் முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லி மேளத்தை ஒரு தட்டு, அதற்குப் பிறகு உதை. ஹந்தானைக்காரர்களின் உதை ஒன்றுகூடத் தவறவில்லை. கித்சிறி தன் சின்னப் பேத்தியைக் கூட்டி வந்திருந்தார், அவள் கன்னத்தில் அந்தச் சொல்லைப் பச்சை வர்ணத்தில் எழுதியிருந்தது. "பார் தங்கா, உன் சொல்!" என்றார். சனம் தங்கராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது, யாரோ அவர் கழுத்தில் மாலை போட்டார்கள்.

அவரால் அந்த மாலையைக் கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

இறுதி ஆட்டம் மறுபடி ஹந்தானைக்கும், முதல் சுற்றில் தோற்றும் புள்ளிக் கணக்கில் முன்னேறி வந்த கோட்டைக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேன் நிறையச் சனம் வந்து இறங்கி, தங்கராஜாவுக்கு முன் படியில் வந்து உட்கார்ந்தது. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலைகள், எண்ணெய் வைத்து வாரின தலைகள், கொழுந்துக்கறை போகாத விரல்கள். கிருபாகரனின் அம்மா மாரியாயியும் அவர்கள் லயத்து ஆட்களும். தங்கராஜாவுக்கு உள்ளே போய் எதையாவது தேட வேண்டும்போல் இருந்தது, ஆனால் மரப்படியில் ஏது உள்ளே?

ஆட்டம் தொடங்கி, கிருபாகரன் ஒரு ட்ரை வைத்து, உதைக்க வந்து நின்றான். கண்டிச் சனம் எதிரியையும் மதிக்கிற சனமல்லவா? மலைநாட்டு வீரன் என்பது நம்மவனுக்கு மட்டும்தானா, இந்தப் பையனும் மலையிலிருந்து வந்தவன்தானே என்று அவர்களே நினைத்துக்கொண்டு, மௌனம் விழுந்து, சொல் வந்து முடிந்ததும், கிறவுண்ட் முழுவதும் எழும்பி நின்று, சிரித்த முகத்தோடு, கையை அவன் பக்கம் நீட்டி, வாழ்த்திச் சொன்னது:

"தோட்டக்காட்டான்!"

பந்து கிருபாகரனின் கையிலிருந்து தானாக நழுவிச் சேற்றில் விழுந்தது. அவன் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான், எல்லாப் பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உதைக்கிற நேரம் போய்விட்டதென்று ரெஃப்ரி கையைக் காட்டினார்.

இடைவேளையில் மாரியாயி பின்னால் திரும்பினாள். தமிழ் முகமாகத் தெரிந்தது தங்கராஜாவின் முகம்தான் போலிருக்கிறது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நாங்க என்னா தப்பு செஞ்சோம்? எங்க புள்ளைய ஏன் எல்லாரும் அப்புடி கூப்புடுறாங்க? திட்டுறவங்க மொறச்சிக்கிட்டுத் திட்டுவாங்க. இவுங்க சிரிச்சிக்கிட்டு இல்ல திட்டுறாங்க."

வெட்கம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றுதான் தங்கராஜா அதுவரை நினைத்திருந்தார். லயத்தில் பிறந்ததற்காகப் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை, இதுதான் வெட்கம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர் கழுத்து மாலையைக் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டு, கித்சிறியின் பக்கம் திரும்பி, சிங்களத்தில், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லுக்கு என்ன அர்த்தம், யாரைச் சொல்வது, எதற்காகச் சொன்னேன், நான் யார், எங்கே பிறந்தேன், எல்லாவற்றையும்.

கித்சிறி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்தார், கைக்குட்டையில் எச்சில் தொட்டு, பேத்தியின் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினார். வர்ணம் போகவில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார், பிள்ளை "நோகுது சீயா" என்று தாத்தாவின் கையைத் தள்ளி அழுதது.

"நேற்றே சொல்லியிருக்கலாமே, தங்கா," என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பின் படியில் இருந்தவன் கேட்டுவிட்டான், அவன் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னான், அவள் அடுத்த படிக்குச் சொன்னாள். இரண்டாம் பாதி ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, அந்த உண்மை மரப்படியிலிருந்து பெவிலியனுக்கும், பெவிலியனிலிருந்து பப்பரேக்காரர்களுக்கும், அங்கிருந்து எதிர்ப்பக்கத்துப் புல்மேட்டுக்கும் போனது. போன இடமெல்லாம் கூச்சல் அடங்கியது. தலைத்துணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பச்சைக் கிறவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்த தலைகளாக மாறியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிகிற நேரம் கிருபாகரன் இரண்டு பேரை இழுத்துக்கொண்டே போய் மூலையில் விழுந்து ட்ரை வைத்தான். இரண்டு பக்கமும் சமன். உதை உள்ளே போனால் கோட்டைக்குக் கிண்ணம். ஓரக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, போஸ்ட் சரிந்து தெரிகிற இடத்திலிருந்து உதைக்க வேண்டும். அவன் பந்தை எடுத்து, சேற்றைச் சட்டையில் துடைத்து, நின்றான்.

கண்டியில் அப்படி ஒரு மௌனம் அதற்கு முன் விழுந்ததில்லை. அந்த மௌனத்தில், அர்த்தம் தெரிந்துவிட்ட அத்தனை ஆயிரம் பேரின் காதிலும், அந்தச் சொல் தங்கராஜாவின் குரலில், இப்போதுதான் முதல் தரம் சொல்வதுபோல் வந்து விழுந்தது.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மேளம் தட்டவில்லை. கூப்பிட்டுப் பதில் கிடைக்காதவர்கள் செய்வதுபோல், அது மறுபடி கூப்பிட்டது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது தங்கராஜா எழும்பி நின்றார். அடுத்த லயத்திலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படிப் பதில் குரல் கொடுப்பார்களோ, அந்தப் பேச்சில், அந்த இழுப்பில், கிறவுண்ட் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"ஏன்! இந்தா இருக்கேன்! நாந்தான்!"

சொல் நின்றது. போஸ்டுக்கு முன்னால் அதற்குப் பிறகு மௌனம் வெறும் மௌனமாக இருந்தது. கிருபாகரன் மரப்படிகளின் பக்கம் திரும்பி, நிற்கிற ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மன்னித்த பார்வை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவன்தானா என்று அடையாளம் பார்த்து வைக்கிற பார்வை அது. பிறகு திரும்பிப் பந்தைக் கீழே போட்டு உதைத்தான். பந்து இரண்டு போஸ்டுக்கும் நடுவே, வேண்டிய உயரத்துக்கு மேலேயே போனது.

தோற்ற சனம் கலைந்தது. வாசலில் விற்கிறவன் துணிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். கித்சிறி பேத்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார், இல்யாஸ் எழும்பவும் மனமில்லாமல் உட்காரவும் மனமில்லாமல் நின்றார்.

மாரியாயி மகனிடம் ஓடவில்லை. படியிலேயே திரும்பி நின்று தங்கராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள். தோட்டத்து ஆட்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதலில் கேட்கிற கேள்வியை, முப்பது வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்து அவர் கடைக்குள் ஒளிந்தாரோ அந்தக் கேள்வியை, அவள் கேட்டாள்.

"நீங்க எந்தத் தோட்டம்?"

"வெள்ளிமலை," என்றார். "மேக்கணக்கு," என்று தோட்டத்தின் மேற்பிரிவையும் சேர்த்துச் சொன்னார்.

"மேக்கணக்கா? எங்க அக்காவ அங்கதானே குடுத்திருக்கு." அவள் முகத்தில் ஒரு நொடி உறவு கண்ட சிரிப்புக்கூட வந்தது. பிறகு அது போய்விட்டது. "அப்பறம் ஏன்யா?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், கேட்டுவிட்டு, அவர் சொல்லட்டும் என்று சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு காத்து நின்றாள்.